செல்லப்பிராணிக்கு வலியின்றி விடைகொடுக்க: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

செல்லப்பிராணிகளின் முதுமை, தீராத நோய், இறுதி நாட்கள் ஆகியவை குறித்து வந்த கடிதங்களிலிருந்து சில இந்த இதழில் இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் ஜிம்மிக்கு 13 வயது. லாப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் பிறந்தவன். சில வாரங்களாகச் சாப்பாடு குறைந்து, அடிக்கடி வாந்தி எடுத்து, எலும்பும் தோலுமாகிவிட்டான். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 7-க்கு மேல் இருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன, இனிக் குணமாக வழியில்லை என்று சொன்ன மருத்துவர், "வேண்டுமானால் ஒருநாள் கொண்டு வாருங்கள், ஊசி போட்டுவிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார். அவனுக்கு மேலும் துன்பம் வேண்டாம் என்பதில் என் கணவரும் நானும் ஒத்த மனத்தோடு இருக்கிறோம். ஆனால் மேசைமேல் ஏற்றி, நாலு பேர் அமுக்கிப் பிடித்து, அவசர அவசரமாக முடித்துவிடுவார்களோ என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. பொறுமையாகவும் அன்பாகவும் இதைச் செய்யும் மருத்துவரை எப்படித் தேடுவது? அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? பிளஸ் டூ படிக்கும் என் மகன் அப்போது உடன் இருக்கலாமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: அம்மா, அந்த ஒரு வரி உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும், அதை மட்டும் வைத்து அந்த மருத்துவரை ஒதுக்கிவிட வேண்டாம் என்றே முதலில் சொல்வேன். வாசல்வரை நாய்களும் பூனைகளும் காத்திருக்க, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களே கிடைக்கும் புறநோயாளிப் பிரிவில், ஓர் உயிரின் முடிவைப் பற்றி உட்கார்ந்து பேசும் நிதானம் பலருக்கும் வாய்ப்பதில்லை. ஜிம்மியை வீட்டிலேயே விட்டுவிட்டு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அறிக்கைகளை எடுத்துக்கொண்டு நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் போய், "இவனுடைய கடைசி நாட்களைப் பற்றி உங்களோடு பேச வேண்டும், எப்போது வரட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் வெடுக்கென்று பேசியவர் தனியாக உட்காரும்போது முற்றிலும் வேறு மனிதராக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போதும் அவருக்கு நேரமில்லை என்றால், தயங்காமல் வேறொருவரைத் தேடுங்கள்.

அந்தத் தேடலை இந்த வாரமே தொடங்கிவிட வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் நாயின் இரத்தத்தில் 5-ஐத் தாண்டிவிட்டால், அதைச் சிறுநீரக நோயின் 4-ஆம் நிலை, அதாவது கடைசி நிலை என்று வகைப்படுத்துகிறோம். இந்த நிலையிலும் நல்ல பராமரிப்பு கிடைத்தால் சில நாய்கள் கொஞ்ச காலம் ஓரளவு நிம்மதியாகவே இருக்கும். ஆனால் உடல் சரியத் தொடங்கும்போது அது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நடுநிசியில் வலிப்பு வந்தோ, வாந்தி நிற்காமலோ அவன் துடிக்கும்போது, எந்த மருத்துவமனையில் விளக்கு எரிகிறதோ அங்கே ஓடுவதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது. நீங்கள் அஞ்சுகிற அந்த அவசரக் காட்சி பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுகளில்தான் நிகழ்கிறது. மருத்துவர் யார், அவருடைய கைபேசி எண் என்ன, அவர் வெளியூரில் இருந்தால் அடுத்து யாரை அழைப்பது என்பதெல்லாம் அவன் வாலாட்டிக்கொண்டிருக்கும் இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரிப்பதற்கு மிக நல்ல இடம், உங்கள் பகுதியில் அண்மையில் நாயை இழந்த குடும்பங்கள். கால்நடை மருந்துக் கடைக்காரருக்கு எந்த மருத்துவர் வீட்டுக்கு வருவார் என்பது அநேகமாகத் தெரிந்திருக்கும். இவர்களையெல்லாம்விட நான் அதிகம் நம்புவது, தெருநாய்களுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிற அந்த நாலைந்து பேரைத்தான். அவர்கள் பார்த்த அளவுக்கு மரணங்களை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த மருத்துவரின் கை மென்மையானது, யார் இரவிலும் கைபேசியை எடுப்பார் என்பதை அவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள். யாருடைய பெயரைச் சொன்னாலும், அவர் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவரா, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்படி பதிவு செய்தவரா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறேதும் இல்லை. நோயைப் பற்றி இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், ஜிம்மி பயணம் தாங்கும் நிலையில் இருக்கும்போதே நாமக்கல் அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். நோயைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்கு மட்டும் அந்தப் பயணம் போதும். கடைசி நாளில் அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம்.

இனி, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. ஒருவருடைய கனிவை அவருடைய பேச்சைவிட அவர் செய்யும் முறையில்தான் அளக்க வேண்டும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம். இனிக்க இனிக்கப் பேசுபவர் தவறான வரிசையில் மருந்தைச் செலுத்தக்கூடும். அதிகம் பேசாதவர் மிகச் சரியாகச் செய்யக்கூடும். ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "கடைசி ஊசிக்கு முன்னால் அவனை ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோவீர்களா?" தசையிலோ தோலுக்கு அடியிலோ முதலில் ஒரு மயக்க ஊசி போட்டு, அவன் சுற்றுப்புறம் மறந்து உறங்கிய பிறகு, தயோபென்டோன் போன்ற மயக்க மருந்தை மிகை அளவில் இரத்தக் குழாயில் செலுத்துவதே நல்ல முறை. மூளை முதலில் உணர்விழக்கும், பிறகு மூச்சு அடங்கும், அதன் பிறகே இதயம் நிற்கும். பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட் போன்றவற்றையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் பிராணிக்குக் கொடுத்தால் அவை வலியைத் தரா. விழிப்போடு இருக்கும் பிராணிக்குக் கொடுத்தால் அது சித்திரவதை. நல்ல நரம்பு கிடைக்குமானால், முன்மயக்கம் இல்லாமலே மயக்க மருந்தை நேரடியாக மிகை அளவில் செலுத்துவதும் வலியற்ற முறைதான். ஆனால் உடலில் நீர் வற்றிப்போன கிழநாயின் நரம்பு ஊசிக்கு எளிதில் அகப்படாது. குத்திக் குத்தித் தேடும் அந்த வேதனையை முன்மயக்கம் தவிர்த்துவிடும். இதையெல்லாம் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், தான் செய்யப்போவதையும் அதற்கான காரணத்தையும் விளக்குவார். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்பவரிடம் ஜிம்மியை ஒப்படைக்காதீர்கள்.

அடுத்து, வீட்டுக்கு வருவாரா என்று கேளுங்கள். வர இயலாவிட்டால், மருத்துவமனை திறப்பதற்கு முன்போ பகல் இடைவேளையிலோ நேரம் ஒதுக்கி, காருக்குள்ளேயே மயக்க ஊசியைப் போட முடியுமா என்று கேட்கலாம்; பலர் ஒப்புக்கொள்வார்கள். கட்டணத்தையும் முன்னதாகவே பேசிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்து அழுதுகொண்டு நிற்கும்போது சில்லறை தேடும் நிலை இரு தரப்புக்கும் வேண்டாம். எழுத்து மூலமான சம்மதப் படிவம் ஒன்றில் உங்கள் கையொப்பத்தைக் கேட்பார்கள்; அதையும் அந்த நாளுக்கு முன்பே படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும் என்பதால், வயதான தம்பதியர் வீட்டில் ஒரு பொமரேனியனுக்கு நான் விடைகொடுத்ததை விவரிக்கிறேன். அது வழக்கமாகப் படுக்கும் சமையலறை வாசலிலேயே பழைய போர்வையை விரித்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போடச் சொன்னேன். அந்த அம்மா தயிர்சாதத்தை விரலில் எடுத்து நீட்ட, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே தொடையில் மயக்க ஊசி இறங்கியது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் விரலை நக்கியது. சில மயக்க மருந்துகள் வாந்தியைத் தூண்டும் என்பதால் இரண்டு வாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கால் மணி நேரத்துக்குள் தலை கவிழ்ந்து, நாக்கு லேசாக வெளியே வந்து, குறட்டை விட்டு உறங்கியது. கால்விரல்களுக்கு நடுவே அழுத்திக் கிள்ளிப் பார்த்தேன், காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகே முன்னங்காலில் ஒரு விரல் அகலத்துக்கு முடியை மழித்து, வென்ஃப்ளான் எனும் மெல்லிய ஊசிக்குழாயை இரத்தக் குழாயில் போட்டு, கடைசி மருந்தை மெதுவாகச் செலுத்தினேன். அந்த அம்மாவின் கை அதன் காதுமேல் இருந்தபடியே இருக்க, சில நிமிடங்களில் இதயத்துடிப்பு நின்றது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் கேட்ட பிறகுதான் முடிந்தது என்று அவர்களிடம் சொன்னேன்.

உயிர் பிரிந்த பின் கண்கள் மூடாமல் திறந்தே இருக்கும். சிறுநீரோ மலமோ வெளியேறலாம், தசைகள் துடிக்கலாம், சில வேளைகளில் பெருமூச்சு விடுவதுபோல வாய் திறந்து மூடும். முன்பே சொல்லி வைக்காவிட்டால், "ஐயோ, இன்னும் உயிர் இருக்கிறதே" என்று வீட்டார் கதறிவிடுவார்கள். அது உணர்வோ வலியோ அன்று, உடலின் அனிச்சை அசைவுதான். உங்கள் மகனிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அவன் உடன் இருப்பதா வேண்டாமா என்பதை அவனிடமே கேளுங்கள். இருக்க விரும்பினால் தடுக்காதீர்கள், மயக்கம் வந்ததும் எழுந்து போக நினைத்தாலும் தடுக்காதீர்கள். அவன் டியூஷனுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து முடித்துவிட்டு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அப்படிச் செய்த பெற்றோரைப் பிள்ளைகள் நெடுநாள் மன்னிப்பதில்லை.

அதுவரை ஜிம்மியை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் சிகிச்சைதான். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதை மருத்துவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். வாந்திக்கும் வாய்ப்புண்ணுக்கும் மருந்துகள் உண்டு. மெலாக்சிகாம் வகை வலி மருந்துகள் சிறுநீரக நோயாளிக்கு ஆகா. வீட்டிலிருக்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். தண்ணீர் எப்போதும் அவன் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பூனை மீனுவுக்கு வாயில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. 14 வயது என்பதால் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவள் கத்துவதும் இல்லை, புலம்புவதும் இல்லை. பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்கு வலிக்கிறதா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. "நேரம் வந்துவிட்டது" என்பதை எப்படி அறிவது? வலிக்கிறது என்றால் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கூடவே கூடாது. பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. உள்ளே போன மருந்து இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். ஈறுகள் பழுப்பு நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கி, மூச்சுத் திணறிப் பூனை இறந்துபோகும். ஒரே ஒரு மாத்திரை போதும். வலி நீங்க வேண்டும் என்று நல்ல மனத்தோடு கொடுக்கப்பட்ட பாரசிட்டமாலால் துடித்த பூனைகளை நான் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பூனைக்கென்று பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மீனுவுக்கு வலிக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி, ஒளிந்துகொள்வதே அதன் முறையீடு. தட்டுக்கு அருகே ஆசையோடு வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது, எச்சில் ஒழுகுவது, உடலை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தியதால் முடி சடை பிடிப்பது, மேலே தாவாமல் இருப்பது, கண்களைச் சுருக்கிக்கொண்டு குந்தியே இருப்பது ஆகிய எல்லாமே வலியின் அடையாளங்கள். வாய்ப்புற்றில் பசி இருக்கும், ஆனால் உண்ண முடியாது. எல்லா நோய்களிலும் எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது இதுதான்.

முடிவெடுக்கத் தடுமாறுகிறவர்களுக்கு, அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவரான ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோல் உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய 7 அம்சங்களுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும். நிலை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவருடைய கணக்கு. நான் இதில் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காட்டாமல் தனித்தனியாக எழுதுங்கள். பக்கத்தில் இருந்து ஊட்டிவிடுபவர் ஒரு கணக்குச் சொல்வார், அலுவலகத்திலிருந்து மாலையில் வருபவர் வேறொன்று சொல்வார். இரண்டையும் வைத்துப் பேசும்போதுதான் உண்மை நிலை தெரியும். மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், வலி மருந்துக்குக் கட்டுப்படாத வலி என்ற ஒன்றே முடிவெடுக்கப் போதுமானது என்பது என் கருத்து. வாய்ப்புற்றில் அந்தக் கட்டம் விரைவில் வரும். அவள் முற்றிலும் உண்ணாமல் போய்ப் பல நாட்கள் ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். படுத்த படுக்கையாகிவிட்ட எங்கள் நாய்க்குக் கருணைக்கொலை செய்யலாம் என்று மகள் சொல்கிறாள். "கொடுத்த உயிரை எடுக்க நாம் யார்? இது பாவம்" என்று என் மனைவி அழுகிறாள். இருவருக்கும் நடுவில் நான் தவிக்கிறேன். இது சட்டப்படி சரியா, தர்மப்படி சரியா? (வாசகர், மதுரை)

பதில்: ஐயா, சட்டம் பற்றிய பதில் எளிது. நோயுற்ற வளர்ப்புப் பிராணிக்கு, உரிமையாளரின் சம்மதத்தோடு, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் வலியற்ற முறையில் உயிர் நீக்கம் செய்வதற்குத் தடை இல்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது, தேவையற்ற கொடிய முறையில் கொல்வதைத்தான்.

தர்மத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இதே கேள்வி அகிம்சையையே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு முன்னால் வந்ததையும், அவர் செய்ததையும் சொல்ல முடியும். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் விழுந்து, புரண்டுகூடப் படுக்க முடியாமல் வேதனைப்பட்டது. பிழைக்க வைக்க வழியே இல்லை என்று தெரிந்ததும், காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, மருத்துவரை வரவழைத்து, ஊசி மூலம் அதன் உயிரைப் போக்கச் செய்தார். அதைத் தம் இதழ்களான நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் அவரே எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன, கடுஞ்சொற்களும் வந்தன. ஆனாலும், தன் நலம் சிறிதும் கலவாமல், பிற உயிரின் வேதனையைப் போக்கும் வேறு எந்த வழியும் இல்லாத நிலையில் செய்வது அகிம்சைக்கு மாறானதன்று என்ற தம் நிலையிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

அந்த இரண்டு நிபந்தனைகளையும் நீங்கள் உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். வேறு வழி இல்லையா? படுத்த படுக்கையாகிவிட்டது என்கிறீர்கள், ஏன் என்று எழுதவில்லை. மூட்டு வாதத்தால் எழ முடியாத நாய்க்கு வலி மருந்தும் படுக்கைப் புண் வராத பராமரிப்பும் கிடைத்தால் அது மேலும் பல மாதங்கள் மகிழ்ச்சியாக இருக்கக்கூடும். அதை முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதைத் தூக்கிச் சுத்தம் செய்வது நமக்குச் சிரமமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமா? சிரமம் உண்மையானதுதான், முதியவர்கள் இருக்கும் வீட்டில் அது சிறிய சுமையன்று. இருந்தாலும் அது நாயின் வேதனையிலிருந்து வேறானது.

உங்கள் மனைவி கடைசிவரை ஒப்புக்கொள்ளாவிட்டால், அவர்களை வற்புறுத்தி இதைச் செய்யாதீர்கள். இயற்கையான முடிவுக்குக் காத்திருப்பது என்று தீர்மானிக்கும் குடும்பங்களை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படித் தீர்மானித்தால், நாள்தோறும் வலி மருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, ஈக்கள் மொய்க்காமல் சுத்தமாக வைப்பது என்ற முழுக் கடமையும் உடன் வருகிறது. மருந்தும் இல்லாமல், முடிவும் இல்லாமல், ஒரு மூலையில் புழு வைத்துக் கிடக்கவிடுவதைப் பாவத்துக்கு அஞ்சிச் செய்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பராமரிப்பைக் கற்றுத்தரவும் கனிவான மருத்துவர் வேண்டும். ஊசி போட வரும்படி அழைக்கும்போது காட்டும் தேடலை இதற்கும் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் நாய்க்கென்று மருத்துவர் கிடையாது. காவலுக்கு இருந்த நாய் டிராக்டரில் அடிபட்டு இடுப்பு முறிந்து கிடக்கிறது. மாட்டுக்கு ஊசி போடும் ஒருவர், "ஒரே ஊசியில் முடித்துவிடுகிறேன்" என்கிறார். அவரிடம் விடலாமா? பிறகு எப்படிப் புதைப்பது? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: தம்பி, அவரிடம் விட வேண்டாம். முறையாகப் படிக்காத கையில் அந்த "ஒரே ஊசி" என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷத்தை ஊசி போட்டுக் கொல்வதை மிருகவதைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. சோற்றில் விஷம் வைப்பதும் அதே கொடுமைதான்.

உங்கள் ஒன்றியத்தில் அரசுக் கால்நடை மருந்தகம் கட்டாயம் இருக்கும். அங்கிருக்கும் கால்நடை உதவி மருத்துவர் பெரும்பாலும் ஆடுமாடுகளைப் பார்ப்பவர்தான் என்றாலும், அவர் படித்தது எல்லாப் பிராணிகளுக்குமான அதே பட்டம். காலையிலேயே போய் நேரில் சொல்லுங்கள். மயக்க மருந்து கையிருப்பில் இல்லை என்றால், எங்கே கிடைக்கும், அல்லது மாவட்டத் தலைநகரில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் வழிகாட்டுவார். முன்னதாக, இடுப்பெலும்பு முறிந்த எல்லா நாயும் சாக வேண்டியதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுகுத்தண்டு தப்பியிருந்து, சிறுநீரும் மலமும் கழிக்க முடிந்து, பின்னங்கால் விரலைக் கிள்ளினால் உணர்வு இருந்தால், சில வாரங்கள் அடைத்துவைத்து ஓய்வு கொடுத்தாலே பல நாய்கள் எழுந்து நடந்துவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தூக்கும்போது நாலு காலையும் பிடித்துத் தூக்காமல், ஒரு பலகையிலோ இறுகப் பிடித்த சாக்கிலோ மெல்ல நகர்த்தி ஏற்றுங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கக்கூடும் என்பதால், வாயைத் துணியால் தளர்வாகக் கட்டிக்கொள்வது நல்லது.

கடைசியில் விடைகொடுக்கத்தான் வேண்டும் என்றால், குழியை நான்கு அடிக்குக் குறையாமல், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி வெட்டுங்கள். மயக்க மருந்து இறந்த உடலில் நெடுநாள் அழியாமல் தங்கும்; நரியோ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகக்கூடும். (மாயாறு போன்ற மலைப்பகுதிகளில் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் இதே ஆபத்து உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்கால் அவை கூட்டம் கூட்டமாக அழிந்ததால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது.) பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். உப்பும் மஞ்சளும் போடுவது நம் வழக்கம், அதில் தீங்கில்லை. ஆனால் உப்பைப் போட்டுவிட்டோம் என்று ஆழத்தைக் குறைத்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும் என்பதால், கால்களை முன்பே மடக்கிப் படுக்கும் நிலையில் வைத்துவிட்டால் குழியில் இறக்குவது எளிதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லோரும் சோறு போடும் கிழட்டுத் தெருநாய்க்குப் புற்றுக்கட்டி வெடித்துச் சீழ் வடிகிறது. யாருக்கும் சொந்தமில்லாத அதற்கு யார் முடிவெடுப்பது? (கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: தெருநாய்க்குத் தனிநபர் முடிவெடுக்க இயலாது, மகளே. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தீராத நோயுற்ற அல்லது உயிர் பிழைக்க முடியாத காயமடைந்த தெருநாய்க்கு மட்டும், அதற்கென அமைந்த குழுவின் வழியாக, மருத்துவர் உறுதி செய்த பிறகே வலியற்ற உயிர் நீக்கம் அனுமதிக்கப்படுகிறது. நீங்கள் மாநகராட்சியின் கால்நடைப் பிரிவுக்கோ, 1959 முதல் சென்னையில் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புக்கோ தெரிவியுங்கள். அது கட்டியுடன் இருக்கும் படம், படுக்கும் இடம், எந்த நேரத்தில் யார் கையில் சோறு உண்ணும் என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி வரும்போது அதற்குப் பழக்கமான ஒருவர் அங்கே இருந்தால், வலையும் கயிறும் இல்லாமல் பிடித்துவிடலாம். இயன்றால் நீங்களே உடன் போங்கள். பார்ப்பதற்குக் கோரமாக இருக்கும் எல்லாக் கட்டியும் தீராத கட்டி அன்று. தெருநாய்களின் பிறப்புறுப்பில் வரும் ஒருவகைத் தொற்றுக் கட்டி, வாரம் ஒருமுறை வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட்டாலே பெரும்பாலும் முற்றிலும் கரைந்துவிடும். அதுதானா என்று பரிசோதிக்கும்படி அங்குள்ள மருத்துவரிடம் கேட்ட பிறகே மற்றதைப் பேசுங்கள்.